சித்தப்பா கேட்ட தண்ணீர்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வார்த்தைக்குத் தடை போட்டார்கள். அதுவரை யாரும் கெட்ட வார்த்தை என்று நினைக்காத வார்த்தை. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடுகிற வார்த்தை. இனி அதை யாராவது சொன்னால் சித்தப்பாவின் கல்யாணம் நின்றுபோகும் என்றார் அப்பா. சொல்லும்போது மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார். அன்று முதல் பத்து நாட்கள் நான் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பார்த்துப் பேசினேன்.

அந்த வார்த்தை 'ஊமை'.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. ரேஷன் கார்டில் அவருக்கு அழகான சாமி பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. வீட்டில் அவர் ஊமை, தெருவில் ஊமையன், எனக்கு ஊமைச் சித்தப்பா. 'ஊமைக்கு இன்னும் ரெண்டு தோசை வை' என்று அம்மா சொல்லும்போது அந்தக் குரலில் தோசையைப் பற்றிய அக்கறை மட்டும்தான் இருக்கும்.

ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத்தறி. சித்தப்பா நெய்த சேலையில் இழை விட்டது, கறை பட்டது என்று ஒரு சேலைகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. நூல் கொடுக்கும் முதலாளி நல்ல சேலையை விரித்துப் பார்த்தால், நெய்தவர் யாராக இருந்தாலும், 'இன்னாப்பா, ஊமையன் வேலையா?' என்று கேட்பார். கேட்கப்பட்டவருக்கு அன்று முழுவதும் தலை நிமிர்ந்து இருக்கும். நான் நோட்டில் கோணாமல் எழுதினால் அப்பா, 'ஊமையாட்டமே எழுதிகினு கீது பாரு' என்று அம்மாவிடம் காட்டுவார். நான் அதைப் பாராட்டாகவே வாங்கி வளர்ந்தேன். வேறு தெருவில் அது வேறு மாதிரி விழும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சித்தப்பாவைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. 'உலகத்துல எதுவும் கேக்காது, அவன் பேரு மட்டும் கேக்கும்' என்பார்கள். உண்மைதான். குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அவர் நெய்துகொண்டிருப்பார். கூடத்தின் மறுகோடியில் அம்மா யாரிடமோ 'ஊமைக்கு ஜுரம்' என்று சொல்லிக்கொண்டிருப்பாள். உடனே நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். அம்மாவின் முகம் அவர் கண்ணுக்கு நேரே இருக்கும்போது மட்டும் அப்படி நடக்கும் என்பதை நான் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் எப்படியோ காதுக்குள் போய்விடுகிறது என்று நானும் நம்பினேன்.

அவரோடு பேச எங்கள் வீட்டுக்கென்று ஒரு கைப்பேச்சு இருந்தது. பெரும்பாலும் தறியிலிருந்து வந்தது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் நூல் தீர்ந்துவிட்டால் உள்ளங்கையை மேலே காட்டி ஒரு புரட்டுப் புரட்டுவார்கள். அதையே நாங்கள் அரிசி தீர்ந்தாலும், பஸ் போய்விட்டாலும், யாராவது செத்துப்போனாலும் செய்வோம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கையை விரித்துப் புருவத்தைத் தூக்கினால் போதும். இந்தப் பேச்சில் நான் கெட்டிக்காரி. அப்பாவைவிட வேகமாக எனக்குக் கை வரும். அந்தப் பெருமைதான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

அந்த வருடம் சந்தவாசலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணுக்கும் காது கேட்காது. வெளியூரில் காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். கையால் பேசுவதை முறையாகக் கற்றவள். அவளுடைய அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். சித்தப்பாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் வந்த நான்கு இடங்களும் 'நல்ல உழைப்பாளிதான், ஆனா' என்று இழுத்துவிட்டுப் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் சித்தப்பா புதுச்சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார். இந்த முறை முடிவாகிற வரைக்கும் அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று அப்பாவும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டார்கள். இதுவும் போனால் இனி ஒரு இடம் வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதலில் வாத்தியார் மட்டும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக ஒரு வியாழக்கிழமை வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரேஷன் கார்டுப் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். எங்கள் தெருவிலேயே நின்றுகொண்டு கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. இரண்டு தெரு சுற்றி வேர்த்துப்போய் டீக்கடையில் காது கேட்காதவர் என்று அடையாளம் சொன்னதும், 'அட, நம்ம ஊமையன் ஊடா' என்று கடைக்காரர் உற்சாகமாகக் கூடவே வந்து, வாசலில் நின்று அதே வார்த்தையைச் சொல்லி உள்ளே குரலும் கொடுத்துவிட்டுப் போனார். நல்லவேளையாகவோ கெட்ட வேளையாகவோ, சித்தப்பா அப்போது முதலாளி வீட்டுக்குச் சேலை கொண்டுபோயிருந்தார்.

வாத்தியார் உட்கார்ந்தார். அம்மா வைத்த காபியைத் தொடவில்லை. நான் கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்தேன். கோபக்காரர் மாதிரி தெரியவில்லை, களைத்தவர் மாதிரி இருந்தார்.

"இந்த வார்த்தையச் சொல்லி என் தங்கச்சியக் கல்லால அடிச்சிருக்காங்க. நெத்தியில தழும்பு இன்னும் இருக்குது. இது புழங்குற ஊட்டுக்கு நான் அவள அனுப்ப மாட்டேங்க."

அப்பா தடுமாறிப்போனார். தாங்கள் தப்பாகச் சொல்வதில்லை, பாசத்தில் சொல்வதுதான், அது அவனுக்குப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது என்று விளக்கினார். வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அதாங்க தப்பு" என்றார்.

அப்பா அதற்குமேல் வாதாடவில்லை. இனி அந்தச் சொல் இந்த வீட்டில் இருக்காது என்று கை கூப்பினார். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், அவள்தான் பார்த்து முடிவு சொல்வாள் என்றும் சொல்லிவிட்டு வாத்தியார் எழுந்தார். அன்றைக்கு ஒரு தடவை அந்த வார்த்தை காதில் விழுந்தாலும் எழுந்து போய்விடுவோம் என்பதை அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆறிப்போன காபியை அம்மா எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. அப்பா தன் தம்பியை ரேஷன் கார்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகினார். முப்பத்திரண்டு வருடம் கூப்பிடாத பெயர். யாரோ அதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூச்சத்தோடு வந்தது. சித்தப்பா திரும்பியே பார்க்கவில்லை, அப்பாவின் வாய் எதையோ மெல்கிறது என்று நினைத்திருப்பார். அம்மா 'தம்பி' என்று மாறிக்கொண்டாள். மாறிய வேகத்தைப் பார்த்தால், ஊமை என்று சொன்ன அம்மா வேறு யாரோ என்றிருந்தது. எனக்கு 'சித்தப்பா' என்று மட்டும் சொல்ல உத்தரவு. "வாய அடக்கிகினு இருடீ, உன்னாலதான் எல்லாம் கெடப்போவுது" என்று அம்மா நாளைக்கு நான்கு தடவை சொன்னாள்.

அவள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். என் வாயில்தான் சித்தப்பாவின் கல்யாணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கரும்பலகையில் 'ஊஞ்சல்' என்று எழுதியதும் நான் பலகையைப் பார்க்காமல் குனிந்துகொண்டேன். பாதுகாப்புக்காக அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஊசி வேண்டுமென்றால் 'குத்துறத எடு' என்பேன். ஊறுகாயைத் தட்டிலேயே வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போனதை 'பஸ்ல ஏறிப் போயிட்டாங்க' என்று சொன்னேன். உதட்டைக் குவிக்காமல் ஒரு குழந்தை எத்தனை நாள் பேச முடியுமோ அத்தனை நாள் பேசினேன். இரவில் தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று பயந்து, துப்பட்டியை வாயில் கவ்விக்கொண்டு படுத்தேன்.

வீடு மட்டும் போதாது, தெருவும் இருக்கிறது என்பது அம்மாவுக்கு இரண்டாம் நாள் உறைத்தது. வீடு வீடாகப் போய்க் காதோடு சொல்லிவிட்டு வந்தாள். டீக்கடைக்காரர், ஐயோ நான்தான் போட்டுக் கெடுத்தேனா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். எங்கள் தெருக்காரர்களுக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் ஒரு கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் ஒன்றாக நிற்பார்கள். அந்தத் திங்கட்கிழமை காலையில் அதை நேராகவே பார்த்தேன்.

அன்று எங்கள் வீட்டுக்குப் பாவு நீட்டும் நாள். சேலைக்கு வேண்டிய நீள இழைகளைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, நேராக்கிச் சுருட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். சித்தப்பா எப்போதும் கடைசி முனையில் நிற்பார். வழக்கமாக அந்த வேலை ஒரே கூச்சலாக இருக்கும். 'ஊமையன இழுத்துப் புடிக்கச் சொல்லு', 'ஊமையன் பக்கம் தளர்ந்துகினு வருது' என்று வரிசையாகக் குரல் போகும். அவர் அந்தக் கோடியில் இருந்துகொண்டே சரியாகப் புரிந்துகொண்டு இழுப்பார்.

அன்று யாரும் பேசவில்லை. ஒருவர் 'ஊ' என்று ஆரம்பித்துவிட்டு இருமினார். இன்னொருவர் வாய் திறந்து, மூடி, கையை மட்டும் ஆட்டினார். பத்துப் பேரும் சித்தப்பாவை ஓரக்கண்ணால் பார்ப்பதும், அவர் பார்த்தால் இழைக்குள் குனிவதுமாக இருந்தார்கள். நான் நடுவில் நின்று அந்தக் கோடியைப் பார்த்தேன். சித்தப்பா இழைகளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது. எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு பயம் வந்தது. நான் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் மாறிப்போனார். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் எங்கள் முகங்களைப் பார்த்தார். அம்மாவும் அப்பாவும் பேசும் இடத்துக்கெல்லாம் வந்து நின்றார். அவர் வந்ததும் அம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வாள், எந்த நேரம் நாக்கு தவறுமோ என்ற பயம் அவளுக்கு. ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தபோது, சித்தப்பா தறியை ஓட்டாமல் அதன் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். பேஜார் பண்ணாதே, போய் விளையாடு என்று அம்மா என்னை விரட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா தறியருகே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சித்தப்பா நெய்த பட்டில் ஒரு இழை விட்டுப்போயிருந்தது. வெளி ஆளுக்குக் கண்ணில் படாது. அப்பா அதன் மீது விரலை வைத்து எடுத்தார், திட்டவில்லை. கண்ணேறு பட்டிருக்கிறது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடி வரவில்லை, அதனால் நிச்சயம் கண்ணேறுதான் என்றாள். எனக்கு மட்டும் இது என்னால்தான் என்று தோன்றியது. எங்கேயோ, எனக்கே தெரியாமல், வார்த்தையை விட்டிருக்கிறேன். அது சித்தப்பாவுக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்தேன். சித்தப்பா வந்தார். அக்கம்பக்கம் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். தன் மார்பைத் தொட்டார். உதடுகளைக் குவித்தார், மூடினார், திறந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் அது அந்த வார்த்தைதான், அதே அச்சு. பிறகு உள்ளங்கையை மேலே காட்டிப் புரட்டினார். புருவத்தைத் தூக்கினார். பதிலுக்குக் காத்திருந்தார்.

எனக்குத் தெளிவாகவே புரிந்தது. யாரோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். இத்தனை நாள் என்னை அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட்டாயே, இனிமேலாவது விட்டுவிட்டாயா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நான் அவசர அவசரமாக உள்ளங்கையைப் புரட்டினேன். தீர்ந்தது. ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை புரட்டினேன். தொண்டையைக் கிள்ளிச் சத்தியமும் செய்தேன். வானத்தைக் காட்டி, என்றைக்கும் இல்லை, யாரும் சொல்ல மாட்டார்கள் என்று கைகளை அகல விரித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சித்தப்பாவிடம் புதுச்சட்டையைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு அப்பாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு வாத்தியாரும் தங்கையும் வந்தார்கள். அவள் நெற்றியில் தழும்பு இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, குனிந்த தலை நிமிராத மணப்பெண்களையே பார்த்திருந்த எனக்கு ஆச்சரியமாக இருக்கும்படி, எல்லோரையும் நேராகப் பார்த்தாள். அவள் கை பேசிய வேகத்தில் நான் என்னைப் பற்றி வைத்திருந்த கெட்டிக்காரி என்ற எண்ணம் கொஞ்சம் கலைந்தது. அவள் கையை வாத்தியார் எங்களுக்குப் பேச்சாக்கிச் சொன்னார்.

முதலில் தறியைப் பார்க்க வேண்டும் என்றாள். நெய்த பட்டின் மீது விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள், சரியாக அந்த விட்டுப்போன இழையில் நிறுத்தினாள். சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் முகம் வெளுத்தது. பெண் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் கேட்டாள். பேர் என்ன என்று கேட்கிறாள் என்றார் வாத்தியார். அப்பா இதற்காகவே காத்திருந்தவர், ரேஷன் கார்டுப் பெயரை ஒரே மூச்சில் சொன்னார். பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

"உங்ககிட்ட இல்லீங்க. அவர்கிட்ட கேக்குறா."

சித்தப்பாவுக்கு அவளுடைய பள்ளிக்கூடக் கைப்பேச்சு தெரியாது. வாத்தியார் செய்து காட்டியும் விளங்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சித்தப்பாவின் முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டுக் கைப்பேச்சில் 'பெயர்' என்பதற்கு ஒன்றும் இல்லை. தேவைப்பட்டதே இல்லை. அவரைச் சுட்டிக்காட்டி, கையை விரித்துப் புருவத்தைத் தூக்கினேன். நீ என்ன, என்று ஏறக்குறைய அர்த்தம்.

சித்தப்பா அப்பாவின் வாயைப் பார்த்தார். அம்மாவின் வாயைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். மூன்றும் மூடியிருந்தன. மெதுவாகக் கையை எடுத்து மார்பில் வைத்தார். உதடுகளைக் குவித்தார், மூடினார், திறந்தார்.

பத்து நாள் தெருவே வாயைக் கட்டிக்கொண்டிருக்க, கடைசியில் அவரே சொல்கிறார். வாத்தியார் அந்த நேரம் தங்கையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியாது.

"தண்ணி கேக்குறாரு."

அம்மா ஓடிப்போய் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சித்தப்பா தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு முட்டிக்கொண்டு வந்த அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கினேன். அவர் டம்ளரை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

பெண் அண்ணனிடம் கையால் ஏதோ சொன்னாள், மிகச் சுருக்கமாக. வாத்தியார் இரண்டாவது தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"புடிச்சிருக்குதாங்க."

அவர்கள் போனதும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவளும் பக்கத்திலிருந்து அந்த உதடுகளைப் பார்த்திருக்கிறாள், உயிரே போய்விட்டதாம். என் வயிற்றில் பால் வார்த்தாய் என்று சொல்லி இரண்டு லட்டு கொடுத்தாள். அதற்குப் பிறகு எங்கள் சொந்தக்காரர் கல்யாணங்களில் எல்லாம் இந்தக் கதை ஓடியது. அன்றைக்கு இவள் மட்டும் தண்ணி என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்று அப்பா ஆரம்பிப்பார். நானும் வெட்கப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். உண்மையில் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி வந்த முதல் மாதமே சித்தப்பாவுக்கு ஒரு பெயர் வைத்தாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு இழையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், அதுதான் அவர். எங்கள் வீடு முழுக்க அதைக் கற்றுக்கொண்டது, டீக்கடைக்காரர் உட்பட. பழைய வார்த்தை முதலில் வீட்டை விட்டும் பிறகு தெருவை விட்டும் போனது. அரசாங்க அட்டையில் ஊனமுற்றோர் என்று இருந்தது, அட்டையைப் புதுப்பித்தபோது மாற்றுத்திறனாளி என்று வந்தது. நல்ல சேலையைப் பார்த்து 'ஊமையன் வேலையா' என்று கேட்ட முதலாளியின் மகன் இப்போது 'குவாலிட்டி' என்கிறான். நான் வேலை செய்யும் அலுவலகத்தில் யாராவது யாரையாவது 'நீ என்ன ஊமையா' என்று அதட்டினால் நான் எழுந்துவிடுவேன், அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன். ஊமைக்காயம், ஊமை வெயில் என்றெல்லாம் தமிழில் இன்னும் மிச்சமிருக்கிறது. அவற்றைச் சொல்லும்போதும் எனக்கு நாக்கு ஒரு நொடி நிற்கும்.

சென்ற மாதம் வீடியோ காலில் சித்தியோடு பேசிக்கொண்டிருந்தேன். என் கை இப்போது அவளுடைய பள்ளிக்கூடக் கைப்பேச்சுக்கு ஓரளவு பழகியிருக்கிறது. ஏதோ பேச்சில், அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் எதைப் பார்த்துப் பிடித்தது என்று கேட்டேன். நல்ல உழைப்பாளி என்றோ, அழகன் என்றோ கேலியாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

தண்ணீர், என்றாள்.

அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. ஐந்து வயதிலிருந்து எத்தனையோ வாய்களில் அவள் பார்த்த வார்த்தை அது. சத்தமில்லாமல் சொன்னாலும், பாதி சொன்னாலும் அவளுக்குத் தெரியும். சித்தப்பாவின் உதட்டில் அதைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியதாம். ஒரு மனிதனுக்கு இதையா பெயராகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள், எழுந்து போய்விடலாம் என்று அண்ணனைத் தொடக் கை நீட்டினாளாம். அதற்குள் நான் பொய் சொன்னேன். தண்ணீர் வந்தது. தாகமில்லாத மனிதர், தன் பெயரைச் சொன்னதற்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டவர், எதிரே அழப்போகிற சின்னப்பெண்ணைப் பார்த்துவிட்டு, அவள் பொய் சொன்னது வெளியே தெரியக் கூடாது என்று மிச்சம் வைக்காமல் குடித்தார். அந்த இடத்தில்தான் பிடித்தது என்றாள் சித்தி.

சித்தி அதோடு விடவில்லை, இத்தனை வருடம் கழித்து ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. கல்யாணமான பிறகு சித்தப்பா அந்தப் பத்து நாட்களை அவளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பேச்சில் அவருக்கு உதட்டில் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். யாருடைய வாயாவது குவிந்து, மூடி, திறந்தால், தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். தன்னை நினைக்கிறார்கள் என்று அர்த்தம். அது வசவு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, எங்கள் தெருவில் அது வசவாக இருந்ததும் இல்லை. சித்திக்கு அது நெற்றியில் விழுந்த கல். அவருக்கு அது பெயர். அந்தப் பெயர் திடீரென்று ஒரே நாளில் வீட்டிலும் தெருவிலும் எல்லா வாயிலிருந்தும் காணாமல் போயிற்று. வாயை மூடிக்கொண்டு எல்லோரும் தன்னையே பார்த்தார்கள். தன்னைக் கைவிடப் போகிறார்கள், தறியை வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்று அவர் முடிவு செய்துகொண்டார். முன்பு போல யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் புதுச்சட்டையை மட்டும் கொடுத்த காலையில், வந்தவர்கள் தன்னை எங்கோ கூட்டிக்கொண்டு போக வந்தவர்கள் என்றே நினைத்திருக்கிறார்.

அதற்கு முன்னால், வீட்டில் நம்பிக் கேட்கக்கூடிய ஒரே ஆளிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாராம். நான் தீர்ந்துபோய்விட்டேனா என்று.

குழாயடியில் நான் மூன்று தடவை உள்ளங்கையைப் புரட்டியதும், தொண்டையைக் கிள்ளியதும், கைகளை அகல விரித்ததும் இப்போது எனக்கு அப்படியே தெரிகிறது. அவர் தலையை ஆட்டிக்கொண்ட பிறகு கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடம் நிரம்பி வழிந்தது. எழுந்து குழாயை மூடினார். குடத்தைத் தூக்கி, வெளிப்புறத்து ஈரத்தைத் தன் வேட்டியால் துடைத்து, என் இடுப்பில் வைத்தார். நான் சித்தப்பாவுக்கு மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் அலம்பாமல் வீடு வரைக்கும் சந்தோஷமாக நடந்தேன்.